டிட் வந்த வழி

கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டில் பொள்ளாச்சி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் இரண்டு விதமாக அலுத்துக்கொள்வார்கள். "பஸ் போயிருச்சுங்க" என்பார் ஒருவர். "பஸ் போயி" என்று மலையாளத்தில் சொல்வார் பக்கத்தில் நிற்பவர். இருவரும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்களாகக்கூட இருக்கலாம். ஒரே ஆள் கடையில் ஒரு விதமாகவும் பஞ்சாயத்து ஆபீஸில் இன்னொரு விதமாகவும் சொல்வதும் உண்டு.

நான் கேரளாவின் தமிழ் மீடியம் வகுப்புகளில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவள். முதல் போஸ்டிங் மூணாறுப் பக்கம். பல வருஷம் மலையில் இருந்துவிட்டு, டிரான்ஸ்ஃபர் கிடைத்துச் சொந்த ஊர்ப் பக்கமான சித்தூர் தாலுகாவுக்கு இறங்கினேன். சிம்பிள் பாஸ்ட் என்கிற அந்த ஒரு பாடம் இந்த இரண்டு மூலைக்கும் எப்படி வந்தது, வந்த இடத்தில் என்ன பாடுபட்டது என்று எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

இங்கிலீஷ் இங்கே ஒரே வாசல் வழியாக நுழையவில்லை. பாலக்காடு டவுன் மலபார் ஜில்லாவில், சென்னை மாகாணத்தில் இருந்தது. அங்கே 1866-ல் தொடங்கிய ரேட் ஸ்கூல்தான் பிறகு விக்டோரியா காலேஜ் ஆயிற்று. அக்ரஹாரத்துப் பிள்ளைகள் அங்கே படித்து சென்னை, பம்பாய், டெல்லி என்று உத்தியோகம் போனார்கள். டவுனைத் தாண்டிக் கொஞ்சம் கிழக்கே வந்தால் சித்தூர் தாலுகா. அது கொச்சி ராஜ்யம். சுற்றிலும் மலபாரும் கோயம்புத்தூரும், நடுவில் தனியாக ராஜாவின் நிலம். தெற்கே மலைமேல் இருக்கும் தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1-ஆம் தேதிக்குப் பிறகுதான் இந்த மூன்றும் ஒரே கல்வி இலாகாவின் கீழ் வந்தன. தேவிகுளமும் பீருமேடும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று நடந்த போராட்டம் ஊரறிந்தது. எல்லை நகரவில்லை. தமிழ்ப் பள்ளிகள் மட்டும் கேரளாவுக்குள் தங்கிவிட்டன.

மலையில் இங்கிலீஷ் வந்த விதம் வேறு. 1877-ல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு ராஜாவிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எழுதி வாங்கினார். தேயிலை பெருகியதும் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆள் கூட்டிவந்தார்கள். போடி வழியாக ஏறிய அந்த ஜனங்கள் காதில் விழுந்த இங்கிலீஷ் துரை பேசிய இங்கிலீஷ். கம், கோ, குயிக், ஸ்டாப். கட்டளைக்கு இறந்தகாலம் கிடையாது. "நீ நேற்று வந்தாய்" என்று யாரும் யாருக்கும் கட்டளை போட முடியாதல்லவா? நேற்று நடந்ததெல்லாம் ஆபீஸில் செக்ரோலுக்குள் இருந்தது. யார் வந்தார், யார் வரவில்லை, எத்தனை ராத்தல் கொழுந்து எடுத்தார் என்பது கிளார்க்கின் பேனாவில் இருந்தது. வேலை செய்தவருடைய நேற்றை இன்னொருவர் எழுதினார். கணக்கில் தகராறு வந்து, "நான் அன்றைக்கு வேலைக்கு வந்தேன்" என்று சொல்ல வேண்டி வந்தால் அதற்கும் மனு எழுதுகிற ஆளைத் தேடித்தான் போக வேண்டும். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களின் பெரியவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றதில் இந்த அனுபவத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் பள்ளியைப் பற்றி ஒரு பிரிவு இருந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகள் இருபத்தைந்து பேருக்கு மேல் இருந்தால், படிப்புக்கு வசதி செய்யும்படி தோட்ட முதலாளிக்கு மாநில அரசு விதி போடலாம் என்றது அது. எஸ்டேட் பள்ளிகளுக்குப் பின்னால் இருந்த சட்டம் இது.

மூணாறில் சி.எஸ்.ஐ. கோயிலுக்கு மேலே ஒரு பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கோயில் 1910-ஐ ஒட்டிக் கட்டியது. முதல் கல்லறை அதற்கும் முந்தியது: 1894-ல் காலராவில் இறந்துபோன ஓர் இளம் ஆங்கிலேயப் பெண்ணுடையது. ஊரில் கல்லறை முதலில் வந்தது, கோயில் பின்னால் வந்தது என்பார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போவேன். வினைச்சொல்லைத் தேடி எடுங்கள், அது என்ன காலம் என்று சொல்லுங்கள், அவ்வளவுதான் வேலை. கல்லறையில் நிகழ்காலத்துக்கு வேலை குறைவு. மழை நாளாக இருந்தால் அட்டை கடிக்கும். பிள்ளைகள் அதைப் பொருட்படுத்தமாட்டார்கள், நான்தான் புடவையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், துரைக்கு மட்டும் ஏன் எழுதி வெச்சிருக்காங்க? எங்க தாத்தாவும் இங்கதான் செத்தாரு." பாட நேரம் அன்றைக்கு அதிலேயே முடிந்தது.

இனி கரும்பலகைக்கு வருகிறேன். நான் படித்தபோது நாலாம் வகுப்பில்தான் ஏபிசிடி. ஆறாம் வகுப்பு வந்ததும் இறந்தகாலம் ஒரு வாய்ப்பாடாக வந்து இறங்கியது. கோ வென்ட் கான், கம் கேம் கம், சீ சா சீன். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை, வகுப்பே சேர்ந்து பாட வேண்டும். கட் கட் கட், புட் புட் புட் வரும்போது கூரை பறக்கும். அங்கே யாரும் தப்பே விட முடியாது. ரீட் வந்ததும் குரல் தடுமாறும், எழுத்து ஒன்று, ஓசை இரண்டு. எங்கள் சாரிடம் அட்டை பிய்ந்துபோன ரென் அண்ட் மார்ட்டின் இருந்தது. 1930-களில் வெளிவந்து இன்றுவரை அச்சில் இருக்கும் இலக்கணப் புத்தகம் அது. அதை எழுதிய பி. சி. ரென், பம்பாய் மாகாணக் கல்வித் துறையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, பாலைவனச் சிப்பாய்களை வைத்து 'பியூ ஜெஸ்ட்' என்ற நாவல் எழுதிப் பேர் வாங்கியவர் என்று பிற்பாடு தெரிந்தபோது எனக்கு நம்பிக்கையே வரவில்லை. சினிமாவாகவும் வந்த அப்பேர்ப்பட்ட கதைக்காரர், எங்களுக்கு ஏன் இத்தனை உப்புச்சப்பில்லாத வாக்கியங்களாகத் தேர்ந்தெடுத்தார்?

வாய்ப்பாட்டை இன்றைக்குக் கேலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் செய்யமாட்டேன். கோ-வுக்கு வென்ட் எப்படி வந்தது என்று பிள்ளைக்கு விளக்க என்ன வழி இருக்கிறது? வென்ட் உண்மையில் வெண்ட் என்ற வேறொரு வினையின் இறந்தகாலம். சில நூற்றாண்டுகளுக்கு முன்னால் இங்கிலீஷ்காரர்களே அதைக் கோ-வுக்குத் தத்துக் கொடுத்துவிட்டார்கள். அதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். ஆனால் விதிவிலக்கு வினைகளைக் கண்டு தமிழ்ப் பிள்ளை பயப்பட வேண்டியதில்லை என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நன்னூலில் பவணந்தி முனிவர் இறந்தகாலம் காட்ட த், ட், ற், இன் என்று நான்கு இடைநிலை சொல்கிறார்: செய்தான், கண்டான், கற்றான், ஓடினான். இடைநிலையே வராமல் பகுதி தானே இரட்டித்துக் காலம் காட்டும் வினைகளும் உண்டு: புகு, புக்கான்; விடு, விட்டான்; பெறு, பெற்றான். விடு விட்டான் ஆகும்போது வாய் திறக்காத பிள்ளை, சிங் சாங் ஆனதும் ஏன் முழிக்க வேண்டும்? இங்கிலீஷ் ஈடி-க்கும் மூன்று ஓசை உண்டு: வாக்ட் என்பதில் ட், ப்ளேட் என்பதில் மெல்லிய ட, வான்டெட் என்பதில் தனி அசை. எங்கள் சார் மூன்றையும் ஒன்றாக்கி 'வாக்கெட்', 'லாஃபெட்' என்பார். நாங்களும் அப்படியே சொன்னோம்.

இங்கிலீஷ்காரர்களும் இந்த விதிவிலக்குகளை உதிர்த்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். 2007-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு ஒன்றில், பழைய இங்கிலீஷில் விதிக்கு அடங்காமல் இருந்த 177 வினைகளை எடுத்துப் பார்த்தார்கள். இன்றைக்கும் அடங்காமல் நிற்பவை 98. ஹெல்ப் என்ற வினைக்கே ஒரு காலத்தில் ஹோல்ப் என்றுதான் இறந்தகாலம். கேட்ச்டு என்று எழுதிய பையனை அடிக்கக் கையோங்கும்போது இது நினைவுக்கு வந்தால் நல்லது.

வாய்ப்பாட்டுக்கு அடுத்து வந்தது அமைப்பு முறை. சென்னை மாநிலத்தில் 1950-களில் பாடத்திட்டத்தை மாற்றினார்கள். வினையைச் செய்து காட்டி வாக்கியம் சொல்ல வேண்டும். ஆசிரியர் கதவைத் திறந்துகொண்டே 'ஐ ஆம் ஓப்பனிங் த டோர்' என்பார். திறந்து முடித்து, திரும்பி நின்று, 'ஐ ஓப்பன்ட் த டோர்' என்பார். இதைப் பழக்க, ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் ஏறத்தாழ 27,000 பேருக்குப் பயிற்சி கொடுக்கும் பெரிய ஏற்பாடு அந்தப் பத்தாண்டின் கடைசியில் தொடங்கியது. முதலில் சிலர் கற்பது, அந்தச் சிலர் பலருக்குக் கற்பிப்பது. அதற்கு மெட்ராஸ் ஸ்னோபால் என்று பெயர். பனியே விழாத ஊரில் பனிப்பந்து! மலபார் அதற்குள் சென்னையை விட்டுப் போய்விட்டதால் பந்து வாளையாறு வரை உருண்டு நின்றுவிட்டது. எல்லையிலுள்ள கோபாலபுரத்துக்கு அந்தப் பக்கம் ஆசிரியர் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்த நாளில், இந்தப் பக்கம் நாங்கள் கட் கட் கட்.

எனக்கு அந்த முறை பின்னால் பெங்களூரில்தான் கிடைத்தது. தென் மாநிலங்கள் நான்குக்குமாக 1963-ல் அங்கே தொடங்கிய இங்கிலீஷ் பயிற்சி நிலையத்துக்கு ஆசிரியர்களை அனுப்புவார்கள். என்.எஸ். பிரபுவின் பெயரை அங்கேதான் கேள்விப்பட்டேன். 1979 தொடங்கி ஐந்து வருஷம், பெங்களூர், சென்னைப் பக்கத்துப் பள்ளிகள் சிலவற்றில் இலக்கணமே சொல்லாமல், வரைபடம், ரயில் நேர அட்டவணை என்று வேலைகளை மட்டும் கொடுத்து இங்கிலீஷ் வருமா என்று சோதித்தவர். பிள்ளையின் கவனம் பொருளில் இருக்கும்போது இலக்கணம் தானே படியும் என்பது அவர் கட்சி. எனக்கு அந்தக் கட்சி பாதி பிடித்தது. மீதிப் பாதிக்கு நான் சொல்ல வந்த விஷயமே பதில்.

மூணாறில் என் வகுப்பு நோட்டுகளில் சிவப்பு மை அதிகம் விழுந்த இடம் ஒன்றே ஒன்று: 'ஹி டிட் நாட் கேம்.' இந்தத் தப்பு உலகம் பூராவும் உண்டு, இங்கிலீஷ்காரக் குழந்தைகளே மழலையில் சொல்வார்கள். ஆனால் கவனித்துப் பார்த்தால், லயத்திலிருந்து வந்து தமிழ் மட்டுமே பேசிக்கொண்டிருந்த பிள்ளைகளைவிட, கடைத்தெருவில் வளர்ந்து மலையாளமும் சரளமாகப் பேசியவர்கள்தான் இதை விடாமல் எழுதினார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள் ஏன் தப்பு செய்கிறார்கள் என்று அலட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் வருகைப் பதிவு எடுக்கும்போது விடை வந்தது. வராத ஒருத்தியைப் பற்றி ஒருவன் "வரல டீச்சர்" என்றான். ஜன்னலுக்கு வெளியே நின்ற மலையாள வகுப்புப் பெண் "அவள் வந்நில்ல" என்றாள். இரண்டையும் போர்டில் எழுதினேன். அதற்குக் கீழே 'ஷி டிட் நாட் கம்.'

"வந்தா-ங்கிறதுல இருந்த 'ந்த்', வரல-ங்கிறதுல எங்க போச்சு?"

"காணோம் டீச்சர்."

"மலையாளத்துல?"

"இருக்கு டீச்சர். வந்நு, வந்நில்ல. அப்பிடியே இருக்கு."

"இங்கிலீஷ்ல?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி: "கேம் போயிருச்சு டீச்சர். தமிழ் மாதிரிதான்."

அதேதான். தமிழ் 'இல்லை' சேர்த்ததும் காலத்தைக் கழற்றிவிட்டு வெறும் 'வர'-வுக்குத் திரும்பிவிடுகிறது. இங்கிலீஷும் 'டிட் நாட்' வந்ததும் 'கம்'-முக்குத் திரும்புகிறது. மலையாளம் திரும்புவதில்லை. மலையாளத்தில் யோசித்து எழுதினால் 'டிட் நாட் கேம்' வந்தே தீரும். ஒற்றுமை முழுசு என்று சொல்லமாட்டேன். டிட் தன் தோளில் காலத்தைச் சுமக்கிறது, நம் 'இல்லை' சுமப்பதில்லை. ஆறாம் வகுப்புக்கு இந்தளவு போதும்.

உடன்பாட்டு வாக்கியத்தில் கதை தலைகீழ். வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார்கள் என்று தமிழ் ஆளுக்கு ஆள் வாலை மாற்றும். லயத்துப் பிள்ளைகளுக்கு 'ஐ கேம், யூ கேம், ஷி கேம்' என்பது முழுசாகத் தோன்றாது; ஏதோ விட்டுப்போனதாக நினைத்து ஷி-க்கு ஒரு எஸ் ஒட்டி 'ஷி கேம்ஸ்' என்பார்கள். மலையாளம் தெரிந்தவர்களுக்கு அந்தச் சந்தேகமே வராது. ஞான் வந்நு, நீ வந்நு, அவள் வந்நு, அவர் வந்நு. ஒரே வினை, எல்லோருக்கும். ஆகையால் 'வந்தேன்' பாடத்துக்கு மலையாளத்தைக் கூப்பிட்டேன், 'வரவில்லை' பாடத்துக்குத் தமிழைக் கூப்பிட்டேன். கேள்வி வாக்கியத்துக்கு இரண்டும் கைகொடுக்கவில்லை. வந்தாயா, வந்நோ இரண்டிலும் காலம் அப்படியே நிற்கிறது. அதை மட்டும் பழைய வாய்ப்பாட்டு வழியில் உருப்போட வைத்தேன்.

மலையாளம் இந்த வாலை எப்போது இழந்தது என்பது தனிக் கதை. கேரள பாணினி என்று பெயர் பெற்ற ஏ.ஆர். ராஜராஜவர்மா, 1896-ல் வெளிவந்த கேரள பாணினீயத்தில், தமிழிலிருந்து மலையாளம் பிரிந்ததற்கு ஆறு நியதிகள் சொல்கிறார். அவற்றில் ஒன்று புருஷபேத நிராசம்: தன்மை, முன்னிலை, படர்க்கை வேறுபாட்டை வினைச்சொல் கைவிட்டது. கைவிடாத காலமும் இருந்தது. பழைய மலையாளக் கவி எழுத்தச்சன் செய்யுளில் ஆன், ஆள் விகுதியோடு வினைகள் வரும். சித்தூருக்கு வந்த பிறகு, பள்ளி முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் சோகநாசினி ஆற்றங்கரைக் குருமடத்தைத் தாண்டித்தான் போவேன். எழுத்தச்சன் கடைசிக் காலத்தைக் கழித்ததாகச் சொல்லும் இடம் அது. அவர் செய்யுளில் நிற்பதும் என் ஏழாம் வகுப்பு நோட்டுகளில் நான் சிவப்பு மையால் அடிக்கும் அதே வால்தான்.

நூறு வருஷமாக இங்கே வந்துபோன பாடமுறைகளில் எதுவும் இந்தப் பிள்ளையின் வாயில் ஏற்கனவே இரண்டு மொழி இருக்கிறது என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. வாய்ப்பாடு தனக்கு முன் எதுவும் இல்லை என்று நினைத்தது. அமைப்பு முறை தாய்மொழியை வகுப்புக்கு வெளியே நிற்கச் சொன்னது. பிரபு பொருளைப் பார் என்றார். 1990-களில் டி.பி.இ.பி. என்ற ஆரம்பக் கல்வித் திட்டம் வந்து பாலக்காட்டையும் இடுக்கியையும் சேர்த்து விளையாட்டு, பாட்டு என்று வகுப்பைக் கலகலப்பாக்கியது. நான் அதை மனசாரப் பாராட்டுவேன், ஆனால் டிட் விஷயத்தில் அதுவும் வாய் திறக்கவில்லை.

2007 கலைத்திட்டம் இலக்கணப் பட்டியலை ஒரேயடியாக வெளியே தள்ளியது. அதற்குப் பதிலாக டைரி, கடிதம், உரையாடல், அறிமுகக் குறிப்பு என்று எழுத்து வடிவங்கள் வந்தன. இலக்கணத்தைத் துரத்தியவர்கள் தெரியாமலே இறந்தகாலத்தை நடுவீட்டில் உட்காரவைத்தார்கள், ஏனென்றால் டைரியில் வேறு எந்தக் காலத்தில் எழுதுவது? எஸ்.எஸ்.எல்.சி. கேள்வித்தாளில் பிறந்த வருஷம், படிப்பு, விருது என்று துண்டுதுண்டாகக் கொடுத்து அறிமுகக் குறிப்பு எழுதச் சொல்வார்கள். வாஸ் பார்ன், ஸ்டடீட், வான் என்று மூன்று வினை கையில் இருந்தால் மார்க் நிச்சயம். டைரியில் எங்கள் பிள்ளைகள் விழுந்த குழி வேறு: 'யெஸ்டர்டே ஐ ஹேட் கான் டு மூணார்.' இதற்குத் தமிழையும் குற்றம் சொல்லலாம், மலையாளத்தையும் சொல்லலாம். நேத்து மூணாறு போயிருந்தேன், இன்னலெ மூணாறில் போயிருந்நு. இரண்டு பாட்டிகளும் சேர்ந்து கெடுத்த பேரன் அந்த ஹேட். ஆபீஸ் கடிதங்களில் இதை மேலதிகாரிகளே எழுதுவதால் நான் பாதி மார்க்தான் குறைப்பேன்.

டிட் கேள்விக்கு மலையில் எனக்குக் கிடைத்த நல்ல பாடம் குறிஞ்சி. 'வென் டிட் த குறிஞ்சி ப்ளூம்?' 2006-ல் பூத்தபோது இரவிகுளத்தைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் 1994 என்றும் சேர்த்துச் சொன்னார்கள், அம்மாவிடம் கேட்டு. 'இட் டிட் நாட் ப்ளூம் இன் 2000' என்று ஒருத்தி தானாக எழுதினாள். பூக்காத வருஷங்கள் நிறைய இருப்பதால் எதிர்மறை வாக்கியத்துக்குப் பஞ்சமே இல்லை. அடுத்த முறை, 2018-ல், பூப் பார்க்க வர வேண்டிய ஆகஸ்டில் வெள்ளம் வந்தது. செறுதோணி அணையின் ஷட்டர் 26 வருஷத்துக்குப் பிறகு திறந்தது, மலைப்பாதைகள் இடிந்தன. அப்போது அங்கே இருந்த இளம் டீச்சர் பிள்ளைகளின் டைரிப் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். பிழைகள் வழக்கம்போல இருந்தன. ஆனால் ஒரு பக்கத்தில்கூட 'ஹேட்' இல்லை. தண்ணீர் வந்தது, ரோடு போனது, கரண்ட் வரவில்லை. நடந்தது நேராக எழுத்தில் இறங்கியிருந்தது.

இப்போது அந்த டீச்சருக்கு வேறு தலைவலி. லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் குறைந்து, ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஆட்கள் வந்திருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளும் அதே வகுப்பில் உட்காருகிறார்கள். "அக்கா, உங்க வரல, வந்நில்ல ரெண்டுமே இதுங்களுக்குப் புரியாது, என்ன செய்ய?" என்று போனில் கேட்டார். எனக்குத் தெரிந்த பள்ளிக்கூட ஹிந்தியை வைத்துச் சொல்லிப்பார்த்தேன்: மைனே சாவல் காயா, மைனே ரோட்டி காயீ. அங்கே சாப்பிட்ட ஆளுக்கு ஏற்ப வினை மாறாது, சாப்பிட்ட பண்டத்துக்கு ஏற்ப மாறும். கேட்டுவிட்டு அவர் சிரித்தார். வீட்டில் அதுகள் ஹிந்தி பேசுவதில்லையாம், சாத்ரியாம். சாத்ரியில் 'வந்தேன்', 'வரவில்லை' எப்படி என்று ஒரு பிள்ளையின் அம்மாவிடம் கேட்டு எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.